தேவாலாவின் தங்க ஆலைகளும் எங்கள் தோட்டத்து உறவுகளும்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிந்து ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணை பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் படிப்பித்துக்கொண்டிருந்தோம். 1964 ஒக்டோபர் 30, ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பலகையில் எழுதிப் போட்டோம். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அடுத்த நாள் ஒரு மாணவன் பழைய நீல நிற வான்கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தான். அவனுடைய தாத்தாவின் தம்பி எழுதியது. இராகலைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுபதுகளில் கப்பலேறிப் போனவர். முகவரியில் தேவாலா, நீலகிரி மாவட்டம் என்று இருந்தது.

கடிதத்தில் பெரும்பாலும் சுகம் விசாரிப்புத்தான். இடையில் நான்கு வரி மட்டும் எங்களை நிறுத்தியது. தேயிலை நிரைகளுக்கு நடுவே ஆழமான குழிகள் இருக்கின்றன, வெள்ளைக்காரன் தங்கம் தோண்டிய குழிகளாம், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவதில்லை, காட்டுக்குள் பெரிய இரும்புச் சக்கரம் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது என்று எழுதியிருந்தார்.

வாசித்து முடித்ததும் அந்தப் பிள்ளை கேட்டான்: "சேர், தங்கம் இருந்த இடத்துக்குப் போனவங்க ஏன் சேர் இன்னும் கொழுந்து பறிக்கிறாங்க?"

அன்றைக்கு எங்களிடம் விடை இருக்கவில்லை. தேடி வாசித்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம். வலப்பனை, இராகலை, உடப்புசல்லாவைப் பக்கம் இந்தியாவுக்குப் போன உறவு இல்லாத லயம் குறைவு. கூடலூர், பந்தலூர், தேவாலா, சேரம்பாடி என்ற பெயர்கள் நம் வீடுகளில் புழங்கிய பெயர்கள். ஆனால் அந்த மண்ணின் கதை நமக்குத் தெரியாது.

■ அது எந்த இடம்?

நீலகிரி என்றால் நாம் ஊட்டியை நினைப்போம். தேவாலாவும் பந்தலூரும் ஊட்டிக்கு மேற்கே, மலை கேரளத்துப் பக்கம் இறங்குகிற சரிவில் இருக்கின்றன. பழைய வயநாட்டின் தென்கிழக்குப் பகுதி அது. 1877 வரை மலபார் மாவட்டத்தோடு இருந்து பிறகுதான் நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. அதனால்தான் இன்றும் அங்கே தமிழ், மலையாளம், ஆதிவாசிகளின் மொழிகள் எல்லாம் கலந்து கேட்கும். மாப்பிள்ளை முஸ்லிம்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். தென்மேற்குப் பருவம் நேரே வந்து மோதுகிற இடம் என்பதால் தேவாலாவைத் தென்னிந்தியாவின் சிரபுஞ்சி என்பார்கள்.

அந்த மலைகளில் வெள்ளைக் குவார்ட்ஸ் பாறை நாளங்கள் ஓடுகின்றன. அவற்றில் தங்கம் இருக்கிறது. இது பொய்யல்ல. குறும்பரும் பணியரும் வெள்ளைக்காரன் வருவதற்கு வெகு காலம் முன்பே அந்தத் தங்கத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆற்று மணலை மரத்தட்டில் போட்டுச் சுழற்றிக் கழுவினார்கள். பாறையைத் தோண்டி, கல்லை இடித்துப் பொடியாக்கியும் கழுவினார்கள். பணியர்கள் அன்று நிலச்சொந்தக்காரரின் அடிமைகள். எடுத்த தங்கம் அவர்கள் கையில் தங்கவில்லை.

1831 இல் கம்பனி அரசாங்கம் நிக்கல்சன் என்ற லெப்டினன்டை அனுப்பி ஆராய்ந்தது. இலாபம் தேறாது என்று விட்டுவிட்டது. அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அங்கே வெள்ளைக்காரனுக்குத் தங்கம் தேவைப்படவில்லை. கோப்பியே தங்கமாக இருந்தது.

■ கோப்பி சாய்ந்தது, தங்கம் நிமிர்ந்தது

இங்கேதான் நம்முடைய கதையும் அவர்களுடைய கதையும் முதன்முறை சந்திக்கின்றன. 1869 இல் நம் ஊவாவின் மடுல்சீமையில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் தூள் போல ஒரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இலைத்துரு நோய். பதினைந்து வருடத்துக்குள் இலங்கையின் கோப்பி முடிந்தது. இங்கே துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். அதே நோய் வயநாட்டுக்கும் போனது. அங்கே ஏற்கெனவே தண்டைத் துளைக்கும் வண்டு கோப்பியைத் தின்றுகொண்டிருந்தது.

வயநாட்டுத் துரைமாரிடம் கடனும் காய்ந்த கோப்பிச் செடியும்தான் மிஞ்சின. ஆனால் அந்தச் செடிக்குக் கீழே குவார்ட்ஸ் நாளம் ஓடியது. அவுஸ்திரேலியத் தங்க வயல்களில் அனுபவம் பெற்ற சிலர் வந்து, இது அங்கே பார்த்த கல்லைப் போலவே இருக்கிறது என்றார்கள். 1874 இல் அல்பா கம்பனி தேவாலாவுக்குப் பக்கத்தில் வேலையைத் தொடங்கியது. அவர்கள் எடுத்துக்கொண்ட நாளத்துக்கு 'ஸ்கல் ரீஃப்', அதாவது மண்டையோட்டு நாளம் என்று பெயர். அங்கே மண்டையோடுகள் கிடைத்ததால் வந்த பெயர்.

1879 இல் இந்திய அரசாங்கம் அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கச் செயலாளராக இருந்த றோபர்ட் புறோ ஸ்மித் என்பவரை வரவழைத்தது. அவர் பழைய குழிகளைப் பார்த்தார், கற்களை எடுத்துச் சோதித்தார், அறிக்கை எழுதினார். 1880 இல் வந்த அந்த அறிக்கை நம்பிக்கை தருவதாக இருந்தது. லண்டன் பங்குச் சந்தைக்கு அது போதும். 1879 டிசம்பருக்கும் 1881 டிசம்பருக்கும் இடையில், இரண்டே வருடத்தில், தென்னிந்தியத் தங்கத்துக்கென்று இங்கிலாந்தில் 41 கம்பனிகள் பதிவாகின. பெயரளவு முதல் 50 லட்சம் ஸ்டேர்லிங் பவுணுக்கு மேல். பெரும்பாலானவை வயநாட்டுக்கு, மிச்சம் மைசூருக்கு.

நாம் நகைக்கடையில் பவுண் என்று சொல்வது அந்த ஸ்டேர்லிங் பவுண் நாணயத்தின் நிறையைத்தான், எட்டுக் கிராம். அந்தக் கணக்கில் 50 லட்சம் பவுண் என்றால் 40 டொன் நாணயம். முழுவதும் கட்டப்பட்ட பணமல்ல, பத்திரத்தில் எழுதிய தொகை. இருந்தாலும் எதிர்பார்ப்பு எவ்வளவு என்று விளங்கும்.

கோப்பித் தோட்டக்காரர்கள் தரிசு நிலத்தை நினைத்துப் பார்க்க முடியாத விலைக்கு விற்றார்கள். பந்தலூர் திடீரென்று பட்டணமானது. தபால் நிலையம், தந்தி, கடைகள், குதிரைப் பந்தயத் திடல் எல்லாம் வந்தன. அந்தக் காட்டுக்குள்!

■ தங்க ஆலை எப்படி வேலை செய்யும்?

இனி அந்தத் துருப்பிடித்த சக்கரத்துக்கு வருவோம். இந்தப் பகுதியை நம் பிள்ளைகள் கவனமாக வாசிக்க வேண்டும். ஏனென்றால் தோட்டத்து ஸ்டோரைத் தெரிந்த எவருக்கும் தங்க ஆலை இலகுவாக விளங்கும்.

ஸ்டோரில் கொழுந்து மேல்மாடியில் வாடும், கீழே ரோலரில் அரைபடும், சல்லடையில் பிரியும். தங்க ஆலையும் அப்படித்தான், மேலிருந்து கீழே இறங்கும். அதனால் அதை மலைச்சரிவில்தான் கட்டுவார்கள். சுரங்க வாய் மேலே, ஆலை நடுவில், ஓடை கீழே. கல் தன் பாரத்தில் தானே இறங்கினால் தூக்குகிற கூலி மிச்சம்.

முதலில் இரும்புத் தாடை போன்ற நொறுக்கி, பெரிய கல்லை முட்டை அளவுக்கு உடைக்கும். அடுத்தது ஆலையின் இதயம், இரும்பு உலக்கைகள். நம் வீட்டு உரலும் உலக்கையும்தான், உருவம் மட்டும் பெரிது. ஒரு உலக்கை 300 முதல் 400 கிலோ வரை நிறை. ஐந்து உலக்கைகள் ஒரே வரிசையாக ஒரு இரும்பு உரல் பெட்டிக்குள் விழும். மேலே ஒரு நீண்ட அச்சு சுழலும். அதில் பொருத்திய வளைந்த கொம்புகள் உலக்கைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி விடும். ஒரு சாண் அளவு உயரத்திலிருந்து, நிமிடத்துக்கு 60 முதல் 90 தடவை அடி விழும். அந்தச் சத்தம் மைல் கணக்குக்குக் கேட்கும். அந்த அடி நிலத்தைப் பிளக்காமல் இருக்க, உரலுக்கு அடியில் பெருமரக் கட்டைகளைச் செங்குத்தாக ஆழத்தில் புதைத்து அத்திவாரம் போடுவார்கள். அத்திவாரம் அசைந்தால் அச்சு கோணும், ஆலை நிற்கும்.

அச்சைச் சுழற்ற நீர்ச் சக்கரம் அல்லது நீராவி இயந்திரம். தண்ணீர் சுழற்றுவதற்கு மட்டுமல்ல. உரல் பெட்டிக்குள் எப்போதும் தண்ணீர் ஓட வேண்டும். கல் பொடியாகித் தண்ணீரோடு கலந்து சேறாகி, முன்பக்கச் சல்லடை வழியாகத் தெறித்து வெளியே வரும். அங்கே சரிவாகப் போட்ட செம்புத் தகடுகள் காத்திருக்கும். தகட்டில் பாதரசம் பூசியிருப்பார்கள். சேறு அதன்மேல் மெல்லியதாக ஓடும்போது தங்கத் துகளைப் பாதரசம் பிடித்துக்கொள்ளும், கல்தூள் வழிந்து ஓடிவிடும். சில நாளுக்கொரு தடவை தகட்டைச் சுரண்டி அந்தக் கலவையைத் தோலில் வைத்துப் பிழிவார்கள். மிஞ்சியதை மூடிய இரும்புக் குடுவையில் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகி, குளிர்ந்து மறுபக்கம் சேரும். குடுவையில் தங்கம் பஞ்சு போல நிற்கும்.

இந்த முறையைக் கண்டுபிடித்தது ஐரோப்பா என்று பலர் நினைக்கிறார்கள். நமக்குப் பெருமைக்காகச் சொல்லவில்லை, வரலாற்றுக்காகச் சொல்கிறோம். பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனி கனிமங்களைப் பற்றி எழுதிய நூலில், தங்கக் கல்லை அரைக்கிற திரிகையை விட இடிக்கிற சம்மட்டியே நல்லது என்று விளக்குகிறார். ஓடும் தண்ணீரால் இயங்கும் சம்மட்டிகளை, சமர்கந்தில் கடதாசி செய்வதற்கு நாரை இடிக்கும் இயந்திரங்களோடு ஒப்பிடுகிறார். இடித்த தூளிலிருந்து பாதரசத்தால் தங்கம் பிரிப்பதையும் எழுதியிருக்கிறார். தேவாலாவுக்கு வந்த ஆலையில் இருந்த அடிப்படை யோசனைகள் இரண்டும் அங்கே இருக்கின்றன.

■ காட்டுக்குள் ஒரு ஆலையைக் கொண்டுபோவது

வரைபடம் போடுவது இலகு. பாரத்தை மலைக்கு ஏற்றுவது வேறு. இயந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் மேற்குக் கரைக்கு வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் மலையேற வேண்டும். நிலம்பூர்ப் பக்கமிருந்து நாடுகாணிக்கு ஏறும் மலைப்பாதை இன்று பஸ்ஸில் போனாலே வயிற்றைக் கலக்கும். மாதக்கணக்கில் மழை பெய்யும் சரிவு அது. மாடு இழுக்கக்கூடிய துண்டுகளாகத்தான் எதையும் கொண்டுபோக முடியும். உரல் பெட்டி, அச்சு, கொதிகலன் எல்லாம் தனித்தனி. ஒரு துண்டு வராவிட்டால் மற்றதெல்லாம் காத்துக் கிடக்கும். மலேரியாக் காய்ச்சல் வேறு.

ஆனாலும் கொண்டுபோனார்கள், கட்டினார்கள். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. முகாமையாளருக்கு பங்களா கட்டினார்கள். கொதிகலனுக்கு விறகு வெட்டினார்கள். ஓடையை மறித்து வாய்க்கால் வெட்டினார்கள். உலக்கைகள் விழத் தொடங்கின. லண்டனில் பங்குக்காரர்கள் தந்திக்குக் காத்திருந்தார்கள்.

தங்கம் வரவில்லை. வந்தது, ஆனால் செலவுக்குக் காணவில்லை.

■ ஏன்?

பிள்ளைகளுக்கு விளங்க ஒரு கணக்குப் போடுவோம். பத்து உலக்கை உள்ள ஒரு சிறிய ஆலை நாளுக்கு 15 முதல் 20 டொன் கல் இடிக்கும். ஒரு டொன்னில் நான்கு கிராம் தங்கம் இருப்பதாக வையுங்கள். 20 டொன்னில் 80 கிராம். அதில் பாதி தகட்டில் பிடிபடாமல் ஓடிவிட்டால் மிஞ்சுவது 40 கிராம், ஏறத்தாழ ஐந்து பவுண். ஒரு நாளைய வரவு அவ்வளவுதான். அதிலிருந்து இங்கிலாந்து முகாமையாளரின் சம்பளம், பொறியியலாளர், விறகு, பாதரசம், வண்டிக்கூலி, நூற்றுக்கணக்கான தொழிலாளரின் கூலி, லண்டன் அலுவலகச் செலவு. மழை நாளில் வேலை இல்லை. நாளம் மெலிந்தால் கல்லும் இல்லை.

சரி, பாதி ஏன் ஓடிவிட்டது? மேல்மண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பாறை மழையாலும் காற்றாலும் உக்கியிருக்கும். அங்கே தங்கம் தனித் துகளாக நிற்கும், பாதரசம் இலகுவாகப் பிடிக்கும். கீழே போகப் போகத் தங்கம் கந்தகமும் இரும்பும் சேர்ந்த கனிமத்துக்குள் பூட்டுப்பட்டுக் கிடக்கும். அதைப் பாதரசம் தொடாது. அந்தப் பூட்டுக்கு நல்ல திறப்பு சயனைட் முறை. அது கிளாஸ்கோவில் 1887 இல் காப்புரிமை பெற்றது. தேவாலா ஆலைகளுக்கு அது மிகவும் பிந்திவிட்டது.

மேலே இருந்த இலகுவான தங்கத்தை யார் எடுத்திருப்பார்கள்? குறும்பர்களும் பணியர்களும் நூற்றாண்டுக் கணக்காக. பழைய குழிகள் இவ்வளவு இருந்தால் தங்கமும் அவ்வளவு இருக்கும் என்று வந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். நல்ல பகுதி ஏற்கெனவே போய்விட்டது என்பதற்கும் அதே குழிகள்தான் அடையாளம் என்று யாரும் யோசிக்கவில்லை.

இன்னொரு பிழை, மாதிரிக் கல். கையில் எடுத்து மின்னுகிற கல்லைச் சோதித்தால் நல்ல கணக்குத்தான் வரும். ஆலைக்குப் போவது மின்னுகிற கல் மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள வெறும் கல்லும் சேர்ந்துதான். நாளத்தைக் குறுக்காக, இடம் விட்டு இடம், ஆழத்தில் வெட்டிச் சராசரி பார்த்திருக்க வேண்டும். அதற்கு ஒன்றிரண்டு வருடமும் கொஞ்சப் பணமும் போதும். ஆனால் பங்கு விற்றவர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை. ஆலை நின்றால் படம் பிடித்துக் காட்டலாம். நிலத்துக்குள் வெட்டிய சோதனைக் குழியை யாருக்குக் காட்டுவது?

1893 அளவில் எல்லாம் ஓய்ந்தது. 1901 இல் புவியியல் ஆய்வுத் துறையின் ஹேடனும் ஹட்ச்சும் முறையாக மாதிரி எடுத்து வயநாட்டு வயல்களைப் பற்றி எழுதினார்கள். நம்பிக்கை தரும் முடிவு வரவில்லை. இருபது வருடத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலை கடைசியில் நடந்தது.

இதே காலத்தில் இதே லண்டன் பணத்தில் மைசூர் பக்கம் கோலாரில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அங்கேயும் கம்பனிகள் மூடும் நிலைக்கு வந்தன. மைசூர் கம்பனியில் பணம் முடியும் தறுவாயில், 1883 இல் பிளம்மர் என்ற கப்டன் பழைய குழிகளுக்குக் கீழே இன்னும் ஆழமாகப் போய்ப் பார்த்தார். சாம்பியன் நாளம் கிடைத்தது. பிறகுதான் பெரிய ஆலைகள், பிறகுதான் 1902 இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம். வட ஆற்காட்டிலிருந்து போன தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், அந்தச் சுரங்கத்தைத் தங்கள் உடம்பால் தோண்டினார்கள். ஒரு காலத்தில் 30,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். மூன்று கிலோமீற்றருக்கும் அதிக ஆழம் வரை இறங்கினார்கள். 2001 பெப்ரவரி 28 இல் அதுவும் மூடப்பட்டது. சயனைட் கலந்த மண்மலைகள் இன்னும் அந்த மக்களின் வீட்டு வாசலில் நிற்கின்றன. ஆக, தங்கம் கிடைத்த இடத்திலும் அதைத் தோண்டியவனுக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

■ குழிகளுக்கு மேல் தேயிலை

தேவாலாவில் ஆலைகள் நின்றன, ஆட்கள் போனார்கள், சக்கரங்கள் காட்டுக்குள் துருப்பிடித்தன. அந்த நிலத்தில் பிறகு தேயிலை வந்தது. கிளென்றொக், றிச்மண்ட் போன்ற பெயர்கள் சுரங்கக் காலத்திலிருந்து தோட்டங்களுக்குப் போய் ஒட்டிக்கொண்டன.

நம் ஆட்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான். 1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1964 இல் இரண்டு பிரதமர்கள் ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் மனிதரைப் பங்கு பிரித்தார்கள். அன்று முடிவு காணாமல் விட்ட ஒன்றரை லட்சம் பேரை 1974 இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். யாரும் அந்த மக்களிடம் கேட்கவில்லை. எழுபதுகளின் பஞ்சத்தில் மரவள்ளியும் கிடைக்காமல் தோட்டங்களில் ஆட்கள் செத்தபோது, போவதே மேல் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். நானுஓயாவிலிருந்தும் ஹற்றனிலிருந்தும் அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் விழுந்தது. தலைமன்னாரில் கப்பல், இராமேஸ்வரத்தில் இறக்கம், மண்டபம் முகாம், அங்கிருந்து ஒவ்வொரு திக்கு.

அப்படி வருகிறவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பதற்காகத் தமிழ்நாடு அரசாங்கம் 1968 இல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அது 1976 இல் டான்டீ என்ற கூட்டுத்தாபனமானது. பாண்டியாறு, நெல்லியாளம், சேரங்கோடு, சேரம்பாடி, கொளப்பள்ளி என்று காட்டை வெட்டித் தேயிலை போட்டார்கள். காட்டை வெட்டியதும் நட்டதும் நம் ஆட்கள். இங்கே நூற்றைம்பது வருடத்துக்கு முன் அவர்களுடைய பாட்டன் செய்த அதே வேலை. லயமும் அதே லயம். அங்கே அவர்களைச் 'சிலோன்காரன்' என்றார்கள். இங்கே 'இந்தியாக்காரன்' என்று சொல்லப்பட்டவர்கள்.

பிறகு அந்தக் கூட்டுத்தாபனம் நட்டத்தில் ஓடியது. 2022 இல் அதன் நிலத்தில் ஒரு பகுதியைக் காட்டு இலாகாவுக்குத் திருப்பிக் கொடுக்க முடிவெடுத்தார்கள். வேலை ஓய்ந்த குடும்பங்கள் லயத்தை விட்டு எங்கே போவது என்பது அங்கே இன்று பெரிய கேள்வி. வேலை குறையும்போது இளைஞர்கள் சிலர் பழைய சுரங்கக் குழிகளுக்குள் இறங்குகிறார்கள். சட்டவிரோதம். இரவில் இறங்கி, கல்லை உடைத்து, மூட்டையில் கொண்டுவந்து, வீட்டில் இடித்து, பாதரசம் போட்டுப் பிரிக்கிறார்கள். மண் சரிந்தும் காற்றில்லாமலும் உயிர்கள் போயிருக்கின்றன. மூடிய குடுவை இல்லாமல் திறந்த சட்டியில் காய்ச்சினால் பாதரச ஆவி நேரே மூச்சுக்குள் போகும். நரம்பைத் தாக்கும். பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும்தான். உங்கள் உறவுகள் அங்கே இருந்து, வட்ஸ்அப்பில் பேசுகிறீர்கள் என்றால், இந்த ஒரு விசயத்தை மட்டும் தயவுசெய்து சொல்லுங்கள்.

■ அந்தப் பிள்ளைக்கு என்ன சொன்னோம்?

இரண்டு கிழமை கழித்து வகுப்பில் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னோம். தங்கம் இருந்த இடம்தான், ஆனால் லண்டனில் விற்ற அளவுக்கு இருக்கவில்லை. இருந்ததை எடுத்தவர்கள் பணியர்கள், அவர்கள் அடிமைகள். ஆலை கட்டியவர்களில் பங்கு விற்றவன் மட்டும் இலாபம் பார்த்தான். உங்கள் சின்னத் தாத்தா போனபோது அங்கே மிஞ்சியிருந்தது குழிகள்தான். அந்தக் குழிகளுக்கு மேல் அவர் ஒரு வாழ்க்கையைக் கட்டினார். கொழுந்து பறித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அவருடைய பேத்தி ஒருத்தி இன்று அங்கே தாதியாக இருக்கிறாள் என்று அந்தப் பிள்ளையே பிறகு சொன்னான்.

இன்னொரு பிள்ளை எழுந்து, "அப்ப சேர், கல்லப் பாக்காம ஏன் ஆலய கட்டினாங்க?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் நம் பகுதியிலேயே சில வருடங்களுக்கு முன் மரக்கறி உலர்த்தும் இயந்திரம் ஒன்று வந்தது. பெயர் வேண்டாம், நல்ல எண்ணத்தில் செய்தவர்கள். கட்டடம் கட்டி, நாடா வெட்டி, படமும் எடுத்தோம். நாங்களும் அந்தப் படத்தில் நிற்கிறோம். பிறகுதான் தெரிந்தது, அந்த இயந்திரத்துக்கு த்ரீ பேஸ் கரண்ட் வேண்டும், அந்த ஒழுங்கைக்கு அது இல்லை என்று. கரண்ட் வந்த நேரம் கரட்டுக்கு நல்ல விலை, உலர்த்தக் கொடுக்க யாருமில்லை. வருடத்தில் எத்தனை மாதம், எத்தனை கிலோ மிஞ்சும் என்று யாரும் முதலில் தோட்டக்காரரிடம் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இயந்திரம் இன்னும் தறப்பாளுக்குக் கீழே இருக்கிறது.

அடுத்த தடவை பள்ளிவாசல் நிர்வாகமோ கோயில் சபையோ மாதர் சங்கமோ ஒரு இயந்திரம் வாங்கப் பேசும்போது, வலப்பனையில் யாராவது ஒருவர் எழுந்து 'தேவாலா' என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பதிவு எழுதிய பலன் கிடைத்துவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியடியில் இப்படிப் பழைய வான்கடிதங்கள், கப்பல் சீட்டு, கடவுச்சீட்டு, போனவர்களின் படம் ஏதாவது இருந்தால் வீசிவிடாதீர்கள். படம் பிடித்து எங்களுக்கு அனுப்புங்கள். பெயரும் விலாசமும் வெளியே போகாது. எந்தத் தோட்டத்திலிருந்து எங்கே போனார்கள் என்று பாடசாலையில் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு பட்டியல் எழுதத் தொடங்கியிருக்கிறோம். எந்தத் தோட்டம், எந்த வருடம், எந்த ஊர் என்ற மூன்று தகவல் போதும். இதுவரை முப்பத்தாறு குடும்பம் எழுதியிருக்கிறோம். அதில் பதினொன்று கூடலூர், பந்தலூர்ப் பக்கம்.

அங்கே இருக்கிற நம் உறவுகளுக்காக துஆ செய்யுங்கள், பிரார்த்தியுங்கள். பிழை இருந்தால் பெரியவர்கள் திருத்துங்கள்.